காற்றுக்கும் கபனுக்கும் இடையில்: அனர்த்த இலக்கியம் பற்றிச் சில குறிப்புகள்

வெள்ளமோ சூறாவளியோ வறட்சியோ வந்துபோன பின்னர் நமது எழுத்துப் பரப்பில் இரண்டு குரல்கள் கேட்பது வழக்கம். இயற்கைக்கு இனமில்லை, மதமில்லை. அது எல்லோரையும் ஒன்றாக அடித்து எல்லோரையும் ஒன்றாக்கிவிடுகிறது என்பது ஒன்று. பசியும் இழப்பும் எல்லை மீறினால் மக்கள் கிளர்ந்தெழுவர். இனிவரும் யுத்தங்களுக்குக் காலநிலை மாற்றமே வித்து என்பது மற்றொன்று. முதலாவது மேடைப் பேச்சிலும் கவிதையிலும் அதிகம். இரண்டாவது ஆய்வரங்குகளிலும் பத்திரிகைக் கட்டுரைகளிலும் அதிகம்.

இரண்டுமே ஓர் இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன என்பது எனது அபிப்பிராயம். காற்று அடங்கிய நேரத்துக்கும், மையித்துகளுக்குக் கபன் கிடைத்த நேரத்துக்கும், உயிர் தப்பியவனின் கைக்கு அரிசி வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடைப்பட்ட நாட்களையே இடைவெளி என்கிறேன். அனர்த்தம் ஒற்றுமையில் முடியுமா, அரசுக்கெதிரான கலகமாகுமா, அயலூரவன் மீதான வன்மமாகுமா என்பது அந்த நாட்களிலேயே தீர்மானமாகிறது. அனர்த்தத்தை எழுதும் படைப்பாளி அந்த நாட்களை எழுதினானா, அவற்றைத் தவிர்த்துவிட்டானா என்பதையே நான் ஒரு விமர்சன அளவுகோலாக இங்கு முன்வைக்க விரும்புகிறேன்.

இதனைப் பேசுவதற்கு வங்காளத்தை எடுத்துக்கொள்கிறேன். காற்றும் நீரும் அரசியலோடு பின்னிப் பிணைந்ததை அங்கு போல் தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது. அதனை எழுதியும் வரைந்தும் வைத்தவர்களுள் முக்கியமான மூவர் வங்காள முஸ்லிம் படைப்பாளிகள். அவர்களைப் பற்றி நமது வட்டங்களில் அதிகம் பேசப்படவில்லை.

1970 நவம்பர் 12ஆம் திகதி இரவு வங்காள விரிகுடாவிலிருந்து எழுந்த சூறாவளி அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத் தீவுகளை மூடியது. போலா தீவின் பெயரால் அது இன்று அறியப்படுகிறது. இறந்தோர் தொகை 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. தஜுமுத்தீன் என்ற ஒரு பகுதியில் மாத்திரம் வாழ்ந்த 167,000 பேரில் ஏறத்தாழ 45 வீதத்தினர் அந்த ஓர் இரவில் இல்லாமற் போயினர். பதிவு செய்யப்பட்ட சூறாவளிகளுள் இவ்வளவு உயிர்களைக் குடித்தது வேறில்லை.

சீன விஜயத்தை முடித்துத் திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கிய ஜனாதிபதி யஹ்யா கான், விமானத்திலிருந்தபடியே பாதிக்கப்பட்ட பகுதிகளைப் பார்வையிட்டார். பின்னர் மேற்குப் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். கண்டனங்கள் வலுத்த பிறகே மீண்டும் வந்தார். தீவுகளில் மையித்துகள் அடக்கப்படாமற் கிடந்தன. நவம்பர் 23ஆம் திகதி டாக்காவின் பல்டன் மைதானத்தில் மௌலானா பாஷானி பேசினார். முதிர்ந்த வயதில், பாதிக்கப்பட்ட இடங்களை நேரிற் கண்டு திரும்பியிருந்த அவர், ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்றார். டிசம்பர் 7ஆம் திகதி பொதுத்தேர்தல் நடைபெற்றது. சூறாவளி அடித்த தொகுதிகளில் மாத்திரம் அது ஜனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது. கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டின் இறுதியில் பங்களாதேஷ் என்ற நாடு உருவாகியிருந்தது.

இந்த வரிசையைப் படிப்பவருக்குச் 'சூறாவளி ஒரு நாட்டைப் பிரித்தது' என்று சொல்லிவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதியும் உள்ளனர். ஆனால் 1963இலும் 1965இலும் இதே கரையில் பல்லாயிரம் பேர் சூறாவளியில் மாண்டனர். அப்போது அரசு ஆட்டங்காணவில்லை. மறுபுறம், 1952இன் மொழிப் போராட்டமும் 1966இன் ஆறு அம்சக் கோரிக்கையும் அய்யூப் கானைப் பதவியிறக்கிய 1969இன் எழுச்சியும் காற்று வருமுன்னரே நடந்தவை. ஆகவே கோபத்தைச் சூறாவளி பிறப்பிக்கவில்லை. அது வேறொன்றைச் செய்தது. ஆறு அம்சங்களில் பேசப்பட்ட வரியும் அந்நியச் செலாவணியும் படித்தோருக்கு விளங்கிய கணக்குகள். மையித்தை மூடத் துணி வரவில்லை என்பது எழுத்தறியாத மீனவனுக்கும் விளங்கிய கணக்கு. இரண்டும் ஒரே கணக்கு என்று அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள் கற்பித்தன.

இந்த நாட்களைத்தான் கவிஞர் ஷம்சுர் ரஹ்மான் 'ஸபேத் பஞ்சாபி' என்ற கவிதையில் பிடித்து வைத்துள்ளார். 'வெள்ளைப் பஞ்சாபி' எனலாம். பஞ்சாபி என்பது அங்கு ஆண்கள் அணியும் நீண்ட மேற்சட்டை. இக்கவிதையில் என்னைக் கவர்ந்த முதலாவது அம்சம் அதன் களம். சூறாவளிக் கவிதை என்றால் கடற்கரையில் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். இது நகரத்து மைதானத்தில் தொடங்குகிறது. அலை இல்லை, இடி இல்லை, முறிந்த தென்னை இல்லை. கலைஞர், பத்திரிகையாளர், தொழிலாளர், மாணவர் என நகரத்தின் பல்வேறு மனிதர்கள் அங்கு வந்து சேர்கின்றனர். அழிவைக் கண்டு திரும்பிய முதிய மௌலானா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கின்றனர். அழிவு நேரடியாகக் காட்டப்படாமல் ஒரு சாட்சியின் குரலினூடாகவும் கையசைவினூடாகவும் வந்து சேர்கிறது. இறுதியில் தனது வெள்ளை உடையாலேயே சிதறிக் கிடக்கும் மையித்துகளை மூடிவிடத் துடிப்பவராக மௌலானா தோற்றம் கொள்கிறார்.

இந்த இடத்தில் ஒரு முஸ்லிம் வாசகனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. வெள்ளைத் துணி என்றதும் அவனுக்குக் கபன் நினைவுக்கு வந்துவிடும். இறந்தவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது, அடக்குவது உயிரோடிருப்போர் மீதுள்ள கூட்டுக்கடமை. ஊரில் ஒருவர் செய்தால் போதும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதற்கும் குற்றம். அரசு அக்கடமைக்கு வழி செய்யாதபோது ஒரு கிழவரின் சட்டை அதனைச் செய்ய முற்படுகிறது. அரசின் மீதான குற்றப்பத்திரிகை அந்தப் படிமத்துக்குள்ளேயே இருக்கிறது. கோஷம் எதுவும் இல்லாமலே கவிதை அரசியலாகிவிடுகிறது.

இக்கவிதைக்கு ஓர் எல்லையும் உண்டு. தீவில் உயிர் தப்பியவர்களின் குரல் இதில் இல்லை. பேசுபவர் தலைவர், கேட்பவர்கள் நகரத்தவர். பாஷானியின் கட்சி அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் கிளறிய கோபம் வாக்காக வேறொரு கட்சிக்கே போய்ச் சேர்ந்தது. மைதானத்திலிருந்து வாக்குப்பெட்டி வரை அந்தக் கோபம் எப்படிப் பயணித்தது என்பது கவிதையின் அக்கறையில் இல்லை. ஒரு கவிதையிடம் அவ்வளவையும் கேட்கலாமா என்பது வேறு விடயம். சிறுகதையும் நாவலும் அதனைச் செய்ய முடியும்.

ஓவியர் ஸைனுல் ஆபிதீன் (1914-1976) இதே அழிவை நேரிற் கண்டு 'மன்பூரா 70' என்ற நீண்ட சுருள் ஓவியத்தை வரைந்தார். ஏறத்தாழ 30 அடி நீளம். கறுப்பு மையினால் வரையப்பட்ட மையித்துகள் குவியல் குவியலாகத் தொடர்கின்றன. பார்வையாளன் ஒரே பார்வையில் அதனை முடித்துவிட முடியாது. உடல்களைக் கடந்து நடந்தே ஆக வேண்டும். எண்ணிக்கை என்பது இலக்கமாக இல்லாமல் நடக்க வேண்டிய தூரமாக மாறிவிடுகிறது. ஷம்சுர் ரஹ்மான் மறைத்துக் காட்டியதை இவர் மறைக்காமல் காட்டினார் எனலாம்.

ஆபிதீனை நாடெங்கும் அறியச் செய்தவை அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னர், 1943இன் பஞ்சத்தின்போது மலிவான பொதிக் காகிதத்தில் வரைந்த கோட்டோவியங்கள். கல்கத்தாவின் நடைபாதையில் எலும்பும் தோலுமான தாயும் பிள்ளையும். குப்பைத்தொட்டியருகே மனிதனும் காகமும் நாயும். அந்தப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. 1942 ஒக்டோபரில் மிதுனாப்பூரைத் தாக்கிய சூறாவளி பயிரை அழித்தது உண்மைதான். ஆயினும் யுத்தகால விலையேற்றம், பதுக்கல், ஜப்பானியருக்குக் கிடைத்துவிடும் என்று கரையோரப் படகுகளையும் அரிசியையும் அகற்றிய அரசின் கொள்கை ஆகியன சேர்ந்தே அதனைப் பஞ்சமாக்கின. தானியம் இல்லாமற் போனதை விட, இருந்த தானியத்தை வாங்கும் வழி இல்லாமற் போனதே கொன்றது என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியான தமது நூலில் நிறுவினார்.

எங்கள் விவாதத்துக்கு முக்கியமானது, அந்த லட்சக்கணக்கானோர் கலகம் செய்யவில்லை என்பதே. உணவு நிறைந்த கடைகளுக்கு முன்னால் அவர்கள் ஓசையின்றி இறந்தனர். 'பசி முற்றினால் புரட்சி' என்ற சூத்திரம் இங்கே உடைந்துபோகிறது. அதே காலத்தில் மிதுனாப்பூரின் தம்லுக் பகுதியில் சுதேசிகள் ஒரு மாற்று அரசையே அமைத்து, சூறாவளி நிவாரணத்தையும் நடத்தினர். அங்கு வெள்ளையருக்கெதிரான கிளர்ச்சி சூறாவளிக்கு முன்னரே, செப்டெம்பரிலேயே வெடித்திருந்தது. அமைப்பாகத் திரண்டிருந்த மக்களிடம் காற்று வேறொரு விளைவைத் தந்தது. ஊரையும் உறவையும் இழந்து நகரத்துக்கு வந்தவர்களிடம் அது மௌனத்தையே தந்தது. ஆபிதீனின் 1943 ஓவியங்களில் வரும் மனிதர்கள் யாரையும் நோக்கிக் கை உயர்த்துவதில்லை. அந்த மௌனத்தை மிகைப்படுத்தாமல் வரைந்தமையே அவரின் நேர்மை.

மூன்றாவது பிரதி 1974க்கு உரியது. இப்போது நாடு சுதந்திரம் பெற்றுவிட்டது. ஆட்சியில் இருப்பது மக்கள் பெருவிருப்போடு தெரிவு செய்த ஷேக் முஜிபுர் ரஹ்மான். அவ்வாண்டு பிரம்மபுத்திரா பெருகியது. வெள்ளத்தைத் தொடர்ந்து அரிசி விலை ஏறியது. கூலி வேலை இல்லாமற் போனது. கியூபாவுக்குச் சணற்சாக்கு விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியைத் தாமதித்தது. உத்தியோகபூர்வக் கணக்கில் இறந்தோர் 26,000. ஏனைய மதிப்பீடுகள் பல லட்சங்களைச் சொல்கின்றன. அவ்வாண்டில் நாட்டில் இருந்த உணவு முந்திய ஆண்டுகளை விடக் குறைவல்ல என்பதையும் சென் எடுத்துக்காட்டினார்.

அப்போதுதான் ரபீக் ஆஸாத் 'பாத் தே ஹராம்ஸாதா' என்ற கவிதையை எழுதினார். சோறு தா என்று கேட்கும் அத்தலைப்பிலேயே ஒரு வசைச்சொல் இருக்கிறது. கவிதையில் பேசும் பசித்தவன் காதலையோ பட்டத்தையோ கேட்கவில்லை. சோறு கிடையாவிட்டால் அவனது பசி காண்பதையெல்லாம் விழுங்கி, கடைசியில் தேசப்படத்தையே விழுங்கிவிடும் என்று எச்சரிக்கிறான். இந்தக் கோபம் அந்நிய ஆட்சிக்கெதிரானதல்ல. மூன்று வருடங்களுக்கு முன்னர் எந்தத் தேசப்படத்துக்காக உயிர் கொடுத்தார்களோ, அதையே நோக்கிய கோபம். ரபீக் ஆஸாத் விடுதலைப் போரில் பங்குபற்றியவர் என்பதும் இங்கு கவனத்துக்குரியது. எங்கள் அரசு என்பதால் எங்கள் பசியை மன்னித்துவிட முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமையும் துணிவும் இருந்தன. கவிதையின் மொழி கரடுமுரடானது. ஷம்சுர் ரஹ்மானின் நுட்பம் இதில் இல்லை. ஆனால் பசித்தவனே பேசுகிறான். முதற் கவிதையில் நான் காணாத குரல் இதுதான்.

அதன்பின் வங்காளத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1991 ஏப்ரல் 29இல் வந்த சூறாவளி ஏறத்தாழ 138,000 பேரைக் கொன்றது. சில வாரங்களுக்கு முன்னர்தான் தேர்தலில் வென்று பதவிக்கு வந்திருந்த அரசு அதனால் கவிழவில்லை. 2007 நவம்பரில் வந்த 'ஸிதர்' பயங்கரமான சூறாவளிதான். அதில் இறந்தோர் ஏறத்தாழ 3,400 பேர். 1970இன் பின்னர் கட்டியெழுப்பப்பட்ட எச்சரிக்கை முறையும், ஒலிபெருக்கியோடு வீடுவீடாகச் செல்லும் தொண்டர்களும், புயற் காப்பகங்களும் அந்த வித்தியாசத்தை உண்டாக்கின. கடல் சூடாவதால் காற்றின் வலு கூடுகிறது, கடல்மட்டம் உயர்வதால் அலை அதிக தூரம் ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காற்று எத்தனை பேரைக் கொல்லும், எத்தனை பேரைத் தெருவுக்குக் கொண்டுவரும் என்பதைக் காற்று மாத்திரம் தீர்மானிப்பதில்லை.

சிரியாவைப் பற்றிய விவாதமும் இதனையே உணர்த்துகிறது. 2006இன் பின்னர் அங்கு ஏற்பட்ட கடும் வறட்சியே 2011இன் கிளர்ச்சிக்கு வழிவகுத்தது என்று 2015இல் ஓர் ஆய்வு வாதிட்டது. உலகெங்கும் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2017இல் வேறு ஆய்வாளர்கள் அதற்கான ஆதாரம் பலவீனமானது என்று மறுத்தனர். கிராமத்தவர் நிலத்தை இழந்து நகர்ப்புறம் சென்றமை உண்மை. ஆனால் தர்ஆவில் மக்கள் வீதிக்கு இறங்கியதற்கு உடனடிக் காரணம், சுவரில் எழுதிய சிறுவர்களை அரசு பிடித்து வதைத்தமை. எல்லாவற்றையும் வானத்தின் மீது போட்டால் வதைத்தவனின் பெயர் அழிந்துவிடும். காலநிலையைப் பேசும்போது நாம் பேண வேண்டிய எச்சரிக்கை இது.

இனி நமது கரைக்கு வருகிறேன். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை மூத்தோர் இன்றும் காலக்கணக்குக்குப் பயன்படுத்துகின்றனர். 'சூறாவளிக்கு முந்தி, பிந்தி' என்றே பிள்ளைகளின் வயதைச் சொல்வர். 2004 டிசம்பர் 26இன் சுனாமி காலநிலையோடு தொடர்புற்றதல்ல. கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. ஆயினும் நான் பேசும் இடைவெளியை அதனைப் போல் துலக்கமாகக் காட்டும் உதாரணம் நமக்கு வேறில்லை.

அலை வந்த முதல் நாட்களில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் ஒன்றுக்கொன்று சோறும் உடையும் கொடுத்தன. பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் எல்லோருக்கும் திறந்திருந்தன. அதன் பின்னர் பட்டியல்கள் வந்தன. தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற அரசு, வடக்கு கிழக்கில் அதனை 200 மீற்றர் என்றது. கடல் ஒன்று, அளவுகோல் இரண்டு. 2005 ஜூன் 24இல் சுனாமிப் பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் கைச்சாத்தாகியது. அதிக உயிரிழப்பைச் சந்தித்த அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம்களுக்கு அதில் கையொப்பமிடும் தரப்பு என்ற இடம் வழங்கப்படவில்லை. மூன்று வாரங்களில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கில் சிக்கி, ஆட்களின்றி ஆண்டுக்கணக்கில் பற்றை படர்ந்து கிடந்தன.

வங்காளத்தில் கோபம் மேல்நோக்கிப் போனது. இங்கு அது பக்கவாட்டில் போனது. 'அவர்களுக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்ற பேச்சு ஊருக்கு ஊர், சில இடங்களில் வட்டைக்கு வட்டை எழுந்தது. பங்கிட்ட கையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பங்கு பெற்ற கையையே பார்த்தனர்.

இந்த மாற்றம் நமது இலக்கியத்தில் பதிவாகியுள்ளதா? சுனாமி பற்றி நமது சஞ்சிகைகளிலும் தொகுதிகளிலும் நான் வாசித்த கவிதைகளுள் பெரும்பாலானவை அலையின் பயங்கரத்திலும் பிள்ளையை இழந்த உம்மாவின் ஓலத்திலும் நின்றுவிடுகின்றன. கடலை அவை துரோகி என்கின்றன, அரக்கி என்கின்றன. அந்த அழுகை உண்மையானது. அதனைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் கடலை ஏசும் கவிதை எவருக்கும் சங்கடத்தை உண்டாக்குவதில்லை. கூடாரத்தில் மூன்றாவது வருடத்தைக் கழித்தவனை, கிராம சேவகரின் பட்டியலில் பெயர் விடுபட்டதால் ஐந்து முறை பிரதேச செயலகத்துக்கு நடந்த விதவையை, நிவாரணத்தை விற்றவனை, வாங்கியவனை நான் அதிகம் சந்திக்கவில்லை.

இன்னொரு போக்கும் உண்டு. அனர்த்தம் இறைவனின் சோதனை என்பதோடு பிரதி முடிந்துவிடுகிறது. சோதனை என்ற நம்பிக்கை பாதிக்கப்பட்டவருக்கு மனத்தைரியம் தருவது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் சோதிக்கப்படுபவர்களுள் நிவாரணத்தைப் பங்கிடும் அதிகாரியும் ஒருவர், அயலூரவனின் பங்கை எண்ணிப் பார்க்கும் நாமும் ஒருவர் என்பதை நமது கவிஞர்கள் ஏன் எழுதுவதில்லை? பாஷானி ஒரு மௌலானாதான். சோதனை என்று சொல்லி அவர் வீட்டில் இருந்துவிடவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டில் 600க்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. மலையகத்தில் மண் சரிந்து ஊர்கள் புதைந்தன. அதைப் பற்றிய கவிதைகள் எழுதப்படும், சிறுகதைகளும் வரும். காணியுறுதி இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு வீட்டு நட்டஈடு எந்தப் பத்திரத்தைக் காட்டினால் கிடைக்கும், முகாம் மூடப்பட்ட மறுநாள் அவர்கள் எங்கே படுத்தார்கள், பக்கத்து முஸ்லிம் கிராமத்தோடும் சிங்களக் கிராமத்தோடும் அவர்களது உறவு ஆறு மாதத்தின் பின் எப்படி இருக்கிறது என்ற கேள்விகளோடு அந்தப் பிரதிகளை வாசிக்க வேண்டும் என்பதே நமது வாசகர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். எழுதுவோரிடமும் அதே வேண்டுகோள்தான். மழையை எழுதுங்கள். மழை விட்ட பிறகு வந்த பட்டியலையும், அதில் வெட்டப்பட்ட பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.